ஒரு நிறுவனம் புதிய நிரல்மொழிக்கு மாறுவது எப்படி முடிவாகிறது?

மாணவராக இருக்கும்போது ஒரு மொழியைக் கற்க இரண்டு காரணம் போதும்: பிடித்திருக்கிறது, வேலை கிடைக்கும். நிறுவனத்திலும் இந்த இரண்டும் கணக்கில் வரும், ஆனால் பட்டியலின் அடியில்தான். ஐம்பது பேர் ஆறு வருடமாக எழுதிய ஜாவா நிரல் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒருவர் "இனிமேல் கோ மொழியில் எழுதலாமா?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பின்னால் சம்பளம், பயிற்சி, சர்வர் வாடகை, நள்ளிரவில் அடிக்கும் அலாரம் எல்லாம் வரிசையில் நிற்கும்.

ஒரு மொழியை நிறுவனம் 'ஏற்றுக்கொண்டது' என்று எப்போது சொல்லலாம்? யாரோ ஒருவர் தன் லேப்டாப்பில் முயன்று பார்ப்பது கணக்கில் வராது. உள்வேலைக்கு எழுதிய குட்டி ஸ்கிரிப்ட்டும் வராது. அந்த மொழியில் எழுதிய நிரல் வாடிக்கையாளர் பயன்படுத்தும் இடத்தில் ஓட வேண்டும். எழுதியவர் விடுப்பில் இருக்கும் நாளில் இரவு இரண்டு மணிக்கு அது நின்றுபோனால், வேறொருவர் திறந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அந்த இரண்டாவது ஆளை உருவாக்குவதில்தான் பாதிச் செலவு போகிறது.

முதலில் ஒரு எண் வேண்டும்

புது மொழி பற்றிய பேச்சு பெரும்பாலும் "மெதுவாக இருக்கிறது", "பக் அதிகமாக வருகிறது" என்றுதான் தொடங்கும். இதை வைத்து யாரும் முடிவெடுக்க முடியாது. எந்த வேலை மெதுவு, எத்தனை மில்லிசெகண்டு, நூறு தடவையில் எத்தனை தடவை என்று அளந்த பிறகே பேச்சுக்கு அர்த்தம் வரும்.

அரட்டைச் செயலி நிறுவனமான டிஸ்கார்ட் 2020 பிப்ரவரியில் வெளியிட்ட விவரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. யார் எந்தச் சேனலில் எந்தச் செய்திவரை படித்திருக்கிறார் என்று கணக்கு வைக்கும் சேவை ஒன்று அவர்களிடம் கோ மொழியில் இருந்தது. சராசரி வேகம் நன்றாகவே இருந்தது. ஆனால் வரைபடத்தில் ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பதில் நேரம் செங்குத்தாக எகிறியது. காரணம், பயன்பாடு முடிந்த நினைவகத்தைத் தேடிப்பிடித்து விடுவிக்கும் 'கார்பேஜ் கலெக்ஷன்' என்ற வேலை. வேறு தேவை எழாவிட்டாலும் கோ மொழி குறைந்தது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் கட்டாயம் செய்யும். இந்தச் சேவை லட்சக்கணக்கான பதிவுகளை கேஷில் (அடிக்கடி தேவைப்படும் தரவை வேகமாக எடுக்க நினைவகத்தில் வைக்கும் இடம்) வைத்திருந்தது. தூக்கிப்போட வேண்டிய குப்பை கொஞ்சம்தான், ஆனால் எது குப்பை என்று தெரிந்துகொள்ள அத்தனையையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

கேஷைச் சிறிதாக்கிப் பார்த்தார்கள். எகிறல் குறைந்தது. ஆனால் தேவையான பதிவு கேஷில் இல்லாமல் டேட்டாபேஸுக்குப் போகும் தடவைகள் கூடி, வேறு பக்கம் நேரம் ஏறியது. கோ மொழியின் பதிப்புகளை மாற்றியும் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்த ஒரு சேவையை மட்டும் ரஸ்ட் மொழிக்குக் கொண்டுபோனார்கள். ரஸ்டில் கார்பேஜ் கலெக்ஷன் கிடையாது. ஒரு பதிவு கேஷிலிருந்து நீங்கிய அந்த நொடியே அதன் நினைவகம் திரும்பிவிடும். எகிறல்கள் மறைந்தன. பிறகு கேஷின் கொள்ளளவை 80 லட்சம் பதிவுக்கு உயர்த்தவும் முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, "ரஸ்ட் வேகம்" என்ற பொதுவான நம்பிக்கையில் அவர்கள் போகவில்லை என்பது. குறிப்பிட்ட ஒரு நோய் இருந்தது, அதன் காரணம் தெரிந்தது, அந்தக் காரணம் புதிய மொழியில் இருக்கவே வழியில்லை என்பதும் தெரிந்தது. அதற்கு முன்பே வேறு சில சிறு இடங்களில் அவர்கள் ரஸ்டைப் பயன்படுத்தியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான இடங்களில் நோய் மொழியில் இருக்காது. ஒரு வலைச்சேவை ஒரு கோரிக்கைக்குப் பதில் தர 200 மில்லிசெகண்டு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 160 டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம், 40 மட்டும் நம் நிரல் ஓடும் நேரம். பத்து மடங்கு வேகமான மொழிக்குப் போனால் 40 என்பது 4 ஆகும். மொத்தம் 164. ஆறு மாத உழைப்புக்கு 18 சதவீத லாபம். அதே டேட்டாபேஸில் ஒரு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போட்டால் 160 என்பது 20 ஆகலாம், அதற்கு ஒரு மதியம் போதும். புரொஃபைலர் (நேரம் எங்கே போகிறது என்று அளக்கும் கருவி) ஓட்டிப் பார்க்காமல் மொழி மாற்றத்தைப் பரிந்துரைக்கும் ஆவணத்தை அடுத்த பக்கம் புரட்டாமல் திருப்பி அனுப்பிவிடலாம்.

மொழியை விட்டுப் போகாமலே

மாறாமல் சமாளிக்க வழி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பெரிய நிறுவனங்கள் இதில் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்பது புதிதாக வருபவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஃபேஸ்புக் பெரும்பாலும் பிஹெச்பி மொழியில் வளர்ந்தது. சர்வர் செலவு கட்டுக்கு மீறியபோது, பிஹெச்பியைக் கைவிடாமல் அதை சி++ ஆக மாற்றித்தரும் ஹிப்ஹாப் என்ற கருவியை 2010-ல் வெளியிட்டது. பிறகு அதன் இடத்தில், நிரலை நேரடியாக ஓட்டும் ஹெச்ஹெச்விஎம் என்ற அமைப்பு வந்தது. 2014 மார்ச்சில் பிஹெச்பியோடு ஒட்டிய, ஆனால் டைப் சரிபார்ப்பு (எங்கே எந்த வகைத் தரவு வரலாம் என்ற சோதனை) உள்ள ஹேக் என்ற தன் சொந்த மொழியையே அறிவித்தது. டிராப்பாக்ஸ் பைத்தானை விட்டுவிடாமல் மைபை என்ற டைப் சரிபார்ப்புக் கருவியை வளர்த்து, 2019-க்குள் 40 லட்சம் வரிகளை அதன்கீழ் கொண்டுவந்தது. ஸ்ட்ரைப், ரூபி மொழிக்கு சோர்பெட் என்ற கருவியை எழுதி 2019-ல் பொதுவில் வெளியிட்டது.

இவையெல்லாம் நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் உள்ள நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகும் வேலை. பத்துப் பேர் குழுவுக்குப் பாடம் சிறியது: மொழியின் புதிய பதிப்பு, நிரலை ஓட்டும் ரன்டைமின் வேறு அமைப்பு, ஒரு டைப் சரிபார்ப்புக் கருவி என்ற மூன்றையும் முயன்று முடித்திருக்க வேண்டும். பதிப்பு மாறுவதே லேசான வேலை இல்லை. பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில், பைத்தான் 2-க்கான ஆதரவு நின்றது 2020 ஜனவரி 1-ல். ஒரே மொழியின் இரண்டு பதிப்புகளுக்கு நடுவில் பதினோரு வருடம் ஓடியிருக்கிறது.

பழைய நிரலோடு எங்கே ஒட்டுகிறது

அழகான இலக்கணம், வேகம், பெயர் எல்லாவற்றையும்விட ஒரு மொழி உள்ளே வருமா வராதா என்பதை அதிகம் தீர்மானிப்பது இந்த ஒட்டு. பழைய நிரல் நாளைக்கே மறையப்போவதில்லை. ஐந்து வருடமாவது புதியதும் பழையதும் சேர்ந்து ஓட வேண்டும்.

ஆண்ட்ராய்டில் கோட்லின் மொழி பரவிய விதத்தைப் பாருங்கள். ஜெட்பிரெயின்ஸ் அதன் 1.0 பதிப்பை 2016 பிப்ரவரியில் வெளியிட்டது. கூகுள் 2017 மே மாதம் அதிகாரபூர்வ ஆதரவு தந்தது, 2019 மே மாதம் கோட்லினுக்கே முதலிடம் என்று அறிவித்தது. இவ்வளவு விரைவாக நடக்க முக்கியக் காரணம், ஜாவா கோப்பும் கோட்லின் கோப்பும் ஒரே புராஜெக்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடிந்தது. திங்கள்கிழமை ஒரு கோப்பை மட்டும் மாற்றி, செவ்வாய்க்கிழமை ஆப்பை வெளியிடலாம். டைப்ஸ்கிரிப்ட்டும் இதே வழியில்தான் ஜாவாஸ்கிரிப்ட் உலகத்துக்குள் வந்தது: கோப்பு கோப்பாக, கண்டிப்பு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியபடி.

ஒட்டு நன்றாக இருந்தாலும் அதில் ஓட்டை இருக்கும். கோட்லினின் பெரிய வாக்குறுதி, 'நல்' (null, மதிப்பே இல்லை என்ற நிலை) காரணமாக வரும் கிராஷைக் கம்பைலரே (நிரலை இயந்திர வடிவுக்கு மாற்றும் கருவி) தடுக்கும் என்பது. ஆனால் ஜாவாவிலிருந்து வரும் ஒரு ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) 'நல்' ஆக இருக்குமா இருக்காதா என்று கோட்லினுக்குத் தெரியாது. ஜாவா பக்கம் அதற்கான குறிப்பு எழுதப்படாவிட்டால் கோட்லின் அதைக் கண்டிப்பில்லாமல் உள்ளே விட்டுவிடும். வாக்குறுதியை நம்பி எழுதிய நிரல் அந்த எல்லையில் கிராஷ் ஆகும். அதனால் முதல் கோட்லின் கோப்பை எழுதுமுன், அது தொடப்போகும் ஜாவா வகுப்புகளில் 'நல்' வருமா வராதா என்ற குறிப்புகளைப் போடுவதுதான் சரியான வரிசை.

இரண்டு மொழிகள் ஒரே நினைவகத்தில் சேர்ந்து ஓடும்போது வேலை கடினம். சி++ நிரல் ரஸ்டைக் கூப்பிடுகிறது என்றால் சில கேள்விகளுக்குப் பதில் எழுதிவைக்க வேண்டும். கொடுத்த நினைவகத்தை யார் விடுவிப்பது? ரஸ்ட் பக்கம் பேனிக் (மீள முடியாத பிழையால் நிற்பது) ஆனால் அது எல்லை தாண்டி சி++ பக்கம் போகாமல் எங்கே நிறுத்துவது? ஸ்ட்ரிங்கை நகலெடுப்பதா, சுட்டியை (அதன் நினைவக முகவரியை) மட்டும் கொடுப்பதா? கிராஷ் ஆனால் வரும் அழைப்பு வரிசையில் இரு பக்கப் பெயர்களும் தெரியுமா? இரண்டும் தனித்தனிச் சேவைகளாக, நெட்வொர்க் வழியே பேசினால் இந்தத் தலைவலிகள் பெரும்பாலும் இல்லை. இப்படிச் சிறுசிறு சேவைகளாகப் பிரித்து (மைக்ரோசர்வீஸ்) வைத்திருக்கும் நிறுவனங்களில் புதிய மொழி எளிதாக நுழைவதற்கு இதுதான் காரணம். அளவுக்கு மீறி எளிதாக நுழைவதற்கும் இதுதான் காரணம்: ஏழு சேவை, ஐந்து மொழி, எட்டு பேர் குழு என்ற நிலையைப் பலர் பார்த்திருப்பார்கள்.

ஒட்டு எப்படி முடிவையே திருப்பும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர். அது டைப்ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டது. பெரிய புராஜெக்டுகளில் மெதுவாகிவிட்டதால் நேட்டிவ் நிரலாக (இயந்திரம் நேரடியாக ஓட்டும் நிரல்) மாற்றுவது என்று மைக்ரோசாஃப்ட் முடிவுசெய்து, 2025 மார்ச்சில் அறிவித்தது. எல்லாரும் ரஸ்டை எதிர்பார்த்தார்கள். இல்லையென்றால் சி#, ஏனென்றால் டைப்ஸ்கிரிப்ட்டின் முதன்மை வடிவமைப்பாளர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்தான் சி# மொழியையும் வடிவமைத்தவர். தேர்வானது கோ மொழி. காரணம், அவர்கள் புதிதாக எழுதவில்லை, உள்ளதை வரிக்கு வரி பெயர்த்தார்கள். பழைய நிரல் வகுப்புகள் அதிகம் இல்லாமல், ஃபங்ஷன்களும் டேட்டா அமைப்புகளுமாக இருந்தது. ஒன்றையொன்று சுற்றிச்சுற்றிச் சுட்டும் அமைப்புகள் அதில் நிறைய, கார்பேஜ் கலெக்ஷன் உண்டு என்ற நம்பிக்கையில் எழுதியது. ரஸ்டில் அப்படிப்பட்ட அமைப்பை அப்படியே பெயர்க்க முடியாது, வடிவத்தையே மாற்றியாக வேண்டும். வடிவம் மாறினால் பழைய கம்பைலர் பிழை என்று சொன்னதைப் புதியது பிழை என்று சொல்லாமல் போகலாம். கோடிக்கணக்கான வரிகளைச் சரிபார்க்கும் கருவியில் அந்த ஆபத்தை எடுக்க அவர்கள் தயாராக இல்லை. பலன் அளந்தே காட்டப்பட்டது: சுமார் 15 லட்சம் வரிகள் உள்ள விஎஸ் கோட் நிரலைச் சரிபார்க்க 77.8 விநாடி ஆனது 7.5 விநாடியாகக் குறைந்தது.

மொழியைச் சுற்றி இருப்பவை

யானை வாங்குவது பெரிதில்லை, கட்டித் தீனி போடுவதுதான் பெரிது. மொழியின் கம்பைலர் இலவசம். அதைச் சுற்றி உள்ளவற்றுக்குத்தான் செலவு.

குழு இப்போது பயன்படுத்தும் லைப்ரரிகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் புதிய மொழியில் எது ஈடு என்று எழுத வேண்டும். டேட்டாபேஸ் டிரைவர், மெசேஜ் க்யூ, உள்நுழைவுச் சரிபார்ப்பு, லாக், மெட்ரிக்ஸ், கிளவுட் நிறுவனம் தரும் எஸ்டிகே (அதன் சேவைகளைப் பயன்படுத்த உதவும் தொகுப்பு). பெயர் கிடைத்ததோடு நின்றுவிடக் கூடாது. கடைசி வெளியீடு எப்போது, பராமரிப்பவர் ஒருவரா பலரா, பதிப்பு எண் இன்னும் சுழியத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். பட்டியலில் தொண்ணூறு சதவீதம் கிடைத்து, உங்கள் பேமென்ட் நிறுவனத்துக்கான லைப்ரரி மட்டும் இல்லாவிட்டால் அந்த ஒன்றை நீங்களே எழுதி, வருடக்கணக்கில் பராமரிக்க வேண்டியிருக்கும்.

பிறகு பில்ட், அதாவது எழுதிய நிரலை ஓடும் வடிவுக்குக் கட்டுவது. இது பலர் கவனிக்காத செலவு. 40 பொறியாளர்கள், ஆளுக்கு நாளுக்கு 12 பில்ட், புதிய மொழியில் ஒவ்வொன்றும் 4 நிமிடம் கூடுதல் என்றால் நாளுக்கு 1,920 நிமிடம், அதாவது 32 மணி நேரம். நான்கு பேரின் முழுநாள் காத்திருப்பிலேயே போய்விடுகிறது. பில்ட் கேஷ், வேகமான இயந்திரம் என்று இதைக் குறைக்கலாம், ஆனால் அதற்கும் ஓர் ஆள் வேண்டும். கோட் ஒழுங்குபடுத்தும் கருவி, லின்டர் (சந்தேகமான வரிகளைச் சுட்டும் கருவி), பாதுகாப்பு ஸ்கேனர், டீபக்கர், புரொஃபைலர் ஆகியவையும் நிறுவனத்தின் பில்ட், வெளியீட்டு வரிசையில் (பைப்லைன்) பொருந்த வேண்டும். பாதுகாப்புக் குழுவின் ஸ்கேனருக்கு அந்த மொழியின் பேக்கேஜ் பட்டியலைப் படிக்கத் தெரியாது என்ற ஒரே காரணத்தால் நின்றுபோன திட்டங்கள் உண்டு.

மொழி எவ்வளவு நிலைத்திருக்கும் என்பதும் இங்கேதான் வரும். கோ மொழி 2012 மார்ச்சில் 1.0 பதிப்போடு, அதற்கு எழுதிய நிரல் பின்னால் வரும் பதிப்புகளிலும் கம்பைல் ஆகும் என்று உறுதி கொடுத்தது. நிறுவனங்களுக்கு அந்த உறுதி புதிய வசதிகளைவிடப் பெரிது. ஸ்விஃப்ட் மொழியை 2014, 2015-லேயே எடுத்தவர்கள், 2016-ல் ஸ்விஃப்ட் 3 வந்தபோது நிரலின் பெரும்பகுதியைத் திருத்த வேண்டியிருந்தது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு மந்தமாகத் தோன்றும் 'இரண்டு வருடம் போகட்டும்' என்ற பதிலுக்கு இதுவே நியாயம்.

சோதனை ஓட்டம்

காகிதத்தில் சரிவந்த பிறகு ஒரு சிறு பகுதியை நிஜமாக எழுதிப் பார்க்க வேண்டும். இரண்டிலிருந்து நான்கு பேர், ஆறிலிருந்து எட்டு வாரம் என்பது நடைமுறையில் வேலை செய்யும் அளவு. ஒருவரிடம் கொடுத்தால் அவருடைய ஆர்வத்தைத்தான் சோதிப்பீர்கள். ஆறு மாதம் கொடுத்தால் திரும்ப முடியாத தூரம் போயிருப்பீர்கள்.

எந்தப் பகுதி என்பதில்தான் திறமை. யாரும் பயன்படுத்தாத உள்கருவியில் முயன்றால் ஒன்றும் தெரியவராது, சுமை வரும்போது எப்படி நடக்கும் என்று பார்க்கவே முடியாது. பணம் வரும் பாதையில் கை வைத்தால் தவறுக்கு விலை அதிகம். மோஸில்லா ரஸ்டை ஃபயர்ஃபாக்ஸில் முதன்முதலில் வைத்த இடம் நல்ல மாதிரி. 2016 ஆகஸ்டில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 48-ல், எம்பி4 வீடியோக் கோப்பின் தலைப்பு விவரங்களைப் படிக்கும் பகுதியை மட்டும் ரஸ்டில் எழுதினார்கள். பகுதி சிறியது. இணையத்திலிருந்து யார் வேண்டுமானாலும் அனுப்பும் கோப்பைப் படிப்பது, எனவே சி++ நினைவகப் பிழை (நினைவகத்தில் தொடக்கூடாத இடத்தைத் தொடுவது) ஆபத்தாக முடியக்கூடிய இடம். உள்ளே பைட்டுகள், வெளியே சில விவரங்கள் என்று எல்லை தெளிவாக இருந்தது. பழைய சி++ பகுதி தரும் விடையோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று உறுதிசெய்தார்கள். அடுத்த வருடம் நவம்பரில் சிஎஸ்எஸ் இன்ஜினே ரஸ்டில் வந்தது.

தொடங்குமுன் இரண்டு கோடுகளை எழுதி வைக்க வேண்டும்: எதை எட்டினால் வெற்றி, எதைத் தாண்டினால் நிறுத்துவோம். '99-வது சதமானப் பதில் நேரம் (நூறில் 99 கோரிக்கைகள் முடியும் நேரம்) 300 மில்லிசெகண்டிலிருந்து 120-க்குக் கீழே வர வேண்டும். எட்டாவது வாரத்திலும் புதிய அம்சம் ஒன்றைச் சேர்க்க ஜாவாவில் ஆவதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனால் நிறுத்தம்' என்பதுபோல. முடிந்த பிறகு எழுதினால் கிடைத்த எண்ணுக்குத் தக்கபடி கோடு நகரும்.

சோதனை முடிவு எப்போதும் புதிய மொழிக்குச் சாதகமாகச் சாயும் என்பதையும் மறக்கக் கூடாது. எழுதியவர்கள் குழுவின் திறமையான, ஆர்வமான ஆட்கள். எழுதியது ஏற்கெனவே ஒருமுறை எழுதப்பட்ட நிரல், எங்கெங்கே சிக்கல் என்று முன்பே தெரியும். பழைய நிரலில் பத்து வருடத்தில் சேர்ந்த விதிவிலக்குகளில் பாதியைப் புதியதில் விட்டிருப்பார்கள். "இதே மூன்று பேர் இதே எட்டு வாரத்தில் பழைய மொழியிலேயே திருத்தி எழுதியிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்?" என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்க வேண்டும்.

ஆட்கள்

20 பேர் குழு, கற்கும் இரண்டு மாதத்தில் வேலை வேகம் 25 சதவீதம் குறைகிறது என்று வைத்தால் 10 ஆள்-மாதம் செலவு. பெரிய தொகைதான், ஆனால் ஒருமுறைச் செலவு. அதைவிடக் கவனிக்க வேண்டியது, முதல் மாதங்களில் எழுதப்படும் நிரலின் தரம். ஜாவாவிலிருந்து கோ மொழிக்கு வருபவர் எல்லாவற்றுக்கும் ஓர் இன்டர்ஃபேஸ் எழுதுவார், பிழைகளைத் திருப்பித் தராமல் பேனிக்கை எக்ஸப்ஷன்போல வீசுவார். ரஸ்டுக்கு வருபவர் கம்பைலரோடு போராடிச் சலித்து, கண்ட இடத்தில் குளோன் (முழு நகல்) செய்து வைப்பார், கடைசியில் வேகமும் கிடைக்காது. இதைத் தடுப்பது வகுப்பைவிட கோட் ரிவியூதான். அந்த மொழியை ஏற்கெனவே நிஜ வேலையில் எழுதிய இரண்டு மூன்று பேராவது ரிவியூவுக்கு இருக்க வேண்டும். உள்ளே இல்லையென்றால் முதல் ஆறு மாதத்துக்கு வெளியிலிருந்து அமர்த்துவது நல்ல முதலீடு. கூகுளின் ஆண்ட்ராய்டு குழு தன் ஆட்களுக்காக நான்கு நாள் ரஸ்ட் பாடம் ஒன்றை எழுதி, இணையத்தில் இலவசமாகவும் வைத்திருக்கிறது. மற்றவர்களும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

புதிய ஆள் கிடைப்பாரா என்பதை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். சென்னையில் ஜாவா தெரிந்த ஆளைத் தேடினால் விண்ணப்பம் குவியும். எலிக்சர் மொழி தெரிந்தவரைத் தேடினால் கொஞ்சம்தான் வரும், ஆனால் வருபவர்கள் விரும்பிக் கற்றவர்களாக இருப்பார்கள். இரண்டில் எது தேவை என்பது எத்தனை பேரை எடுக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாட்ஸ்அப் எர்லாங் மொழியில் சிறிய குழுவோடு ஓடியது, 2012-லேயே ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கியது. ஆண்டுக்கு ஆயிரம் பேரை எடுக்கும் சேவை நிறுவனத்துக்கு அந்த வழி ஒத்துவராது. அங்கே பெரும்பாலும் மொழியை முடிவுசெய்வதே வாடிக்கையாளர்தான்.

ஆட்கள் போய்விடும்போது என்ன ஆகும் என்பதை டிராப்பாக்ஸ் 2019-ல் வெளிப்படையாகவே எழுதியது. ஐஃபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் பொதுவான நிரலை சி++ மொழியில் ஒரே தடவை எழுதுவது என்று 2013 வாக்கில் முடிவுசெய்தார்கள். அப்போது அனுபவமுள்ள சி++ ஆட்கள் கையில் இருந்தார்கள். சில வருடத்தில் அவர்கள் வேறு குழுவுக்கும் வேறு நிறுவனத்துக்கும் போய்விட்டார்கள். மொபைல் ஆப் எழுதுபவர்களில் சி++ எழுத விரும்புவோர் குறைவு, அதனால் அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை. பொதுவாகப் பயன்படுத்த எழுதிய கருவிகளின் பராமரிப்பும் கூடவே கழுத்தை நெரித்தது. கடைசியில் ஸ்விஃப்ட், கோட்லின் என்று தனித்தனியாக எழுதுவதற்கே திரும்பினார்கள்.

எல்லாவற்றையும் மாற்றி எழுதலாமா

வேண்டாம் என்பதுதான் பெரும்பாலும் சரியான பதில். முழுதாக மாற்றி எழுதும் வருடங்களில் பழைய நிரலும் நின்றுவிடாது, வாடிக்கையாளர் கேட்பதை அதிலும் சேர்க்க வேண்டும். புதியது துரத்திக்கொண்டே இருக்கும்.

ஆண்ட்ராய்டின் கணக்கு வேறு ஒரு வழியைக் காட்டுகிறது. சி, சி++ நிரல்களில் வரும் கடுமையான பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகப் பிழைகள் என்று மைக்ரோசாஃப்ட்டும், குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியத்தின் குழுவும் தத்தம் நிரலை ஆராய்ந்து சொல்லியிருந்தன. ஆண்ட்ராய்டு 2021-ல் ரஸ்டை ஏற்றது. ஆனால் கோடிக்கணக்கான பழைய வரிகளைத் தொடவில்லை. புதிதாக எழுதுவதை மட்டும், நினைவகப் பிழைகளைத் தடுக்கும் ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதியது. ஓட்டைகள் பெரும்பாலும் புதிய, அண்மையில் திருத்திய நிரலில்தான் இருக்கும் என்பது அவர்கள் கண்டது. பழைய நிரல் வருடக்கணக்கில் அடிபட்டு, திருத்தப்பட்டு, தேறிவந்தது. ஆண்ட்ராய்டின் ஓட்டைகளில் நினைவகப் பிழையின் பங்கு 2019-ல் 76 சதவீதம், 2022-ல் 35, 2024-ல் 24. பழையதை அப்படியே வைத்துக்கொண்டே இந்த இறக்கம் வந்தது.

மொழியின் கவர்ச்சிக்காக மாறியவர்கள் வேறு மாதிரிச் சிக்கினார்கள். டிராப்பாக்ஸ் 2012-ல் தன் வலைப்பக்க ஜாவாஸ்கிரிப்டைக் காஃபிஸ்கிரிப்டுக்கு மாற்றியது. வரிகள் குறைந்தன, எழுத இனிமையாக இருந்தது. சில வருடத்தில் ஜாவாஸ்கிரிப்டே காஃபிஸ்கிரிப்டின் நல்ல அம்சங்களைத் தனக்குள் எடுத்துக்கொண்டது, காஃபிஸ்கிரிப்டின் சமூகம் கரைந்தது. 2017-ல் தானியங்கிக் கருவிகளைக் கொண்டு அத்தனையையும் டைப்ஸ்கிரிப்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. இலக்கணச் சுகம் மட்டும் தரும் மொழியை அடுத்த பெரிய மொழி விழுங்கிவிடும் என்பதை முடிவு ஆவணத்தில் ஓர் ஆபத்தாகவே எழுதலாம்.

அந்த ஆவணம் நான்கைந்து பக்கம் போதும். அளந்த வலி, முயன்று பார்த்த மலிவான வழிகள், எல்லை எங்கே, சோதனையின் எண்கள், யார் பராமரிப்பார் என்று இரண்டு பெயர்களாவது, எந்த வகை வேலைக்கு மட்டும் இந்த மொழி அனுமதி, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்போம். கடைசியாக, வேண்டாம் என்றால் எப்படி வெளியேறுவோம். இதைத்தான் பலர் எழுதுவதில்லை.

கர்ல் என்ற பிரபலமான சி நிரலில் இதன் பயன் தெரிந்தது. இணைய வழியாகத் தரவை எடுக்கும் இந்தக் கருவியில், ரஸ்டில் எழுதிய ஹைப்பர் என்ற லைப்ரரியை ஹெச்டிடிபி பகுதிக்குப் பயன்படுத்தும் முயற்சி 2020-ல் அறிவிக்கப்பட்டது. வெளியிலிருந்து நிதியும் வந்தது. 95 சதவீதம் வேலை முடிந்தும் மீதி முடியவில்லை. சி, ரஸ்ட் இரண்டிலும் ஆழமாக இறங்கக்கூடிய ஆட்கள் குறைவு, பயனர்களும் அதைக் கேட்கவில்லை. 2024 டிசம்பரில், இதை நீக்குகிறோம் என்று அறிவித்தார்கள். ஆனால் அது தொடக்கத்திலிருந்தே பில்ட் செய்யும்போது தேர்ந்தெடுக்கும் ஒரு விருப்பமாக மட்டுமே இருந்தது, வழக்கமான சி பகுதி எப்போதும் பக்கத்திலேயே இருந்தது. அதனால் நீக்கியபோது பெரும்பாலான பயனர்களுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. அதே கர்லில், ரஸ்டில் எழுதிய டிஎல்எஸ் (இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும்) பகுதியைத் தேர்ந்தெடுக்கும் விருப்பம் தொடர்ந்தது.